வாசகர் கேள்வி நேரம்: பூவிலும் வாசனை, கிழங்கிலும் வாசனை

போன இதழில் ஐரிஸ் பாலிடா என்ற காட்டு ஐரிஸைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். வாசனைக்காகவும் அழகுக்காகவும் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் செடி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்தச் செடிக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வசிப்பது பிளாரன்ஸுக்குத் தெற்கே கியான்டி மலைப்பகுதியில். இங்கே திராட்சைத் தோட்டங்களின் வரப்புகளிலும் ஒலிவ மரங்களுக்கு அடியிலும் இந்த ஐரிஸைப் பயிராகவே வளர்க்கிறார்கள். அதனால் பல கேள்விகளுக்கு, தினமும் கண்ணில் படுவதை வைத்தே பதில் சொல்ல முடிகிறது.

பக்கத்து வீட்டு வேலியோரம் வெளிர்நீல ஐரிஸ் பூத்திருக்கிறது. நல்ல வாசனை. நீங்கள் எழுதிய பாலிடாதானா, இல்லை கடையில் விற்கும் கலப்பினமா? எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா?
– ஒரு வாசகி, சூரிச்

பூவைப் பார்ப்பதற்கு முன்னால் மொட்டைப் பாருங்கள். மொட்டை மூடியிருக்கும் உறை, பூ விரிவதற்கு முன்பே முழுக்கக் காய்ந்து, வெள்ளி நிறத்தில், மெல்லிய காகிதம் மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் பாலிடாதான். கலப்பின ஐரிஸ்களில் உறையின் அடிப்பாகம் பச்சையாகவும் நுனி மட்டும் காய்ந்தும் இருக்கும். வேறு எந்த அடையாளத்தையும்விட நான் இதைத்தான் நம்புவேன்.

அப்புறம் இலை. வாள் வடிவத்தில் விசிறி போல் அடுக்கியிருக்கும். பச்சைக்குமேல் சாம்பல் பூசியது போன்ற நிறம். விரலால் தேய்த்தால் அந்தச் சாம்பல் போய்ப் பச்சை தெரியும். அது வெயிலைத் தாங்குவதற்காகச் செடி தானே பூசிக்கொள்ளும் மெழுகு. பூத்தண்டு இலைகளைவிட நன்றாக உயர்ந்து, ஏறக்குறைய 1 மீட்டர் வரை போகும். பூ முழுவதும் ஒரே வெளிர் லாவெண்டர் நிறம். மூன்று இதழ் நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ் தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் நுனி மஞ்சளாக, மயிர்க்கொத்து போல ஒரு தாடி. ஓரத்தில் சுருக்கம், மடிப்பு எதுவும் இருக்காது. பூவின் ஓரம் குஞ்சம் வைத்த மாதிரி நெளிந்திருந்தால் அது கலப்பினம்.

இதன் சொந்த ஊர் ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை. குரோஷியாவின் டால்மேஷியாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் தானாக வளர்கிறது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க் 1789-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். இன்று கடைகளில் கிடைக்கும் உயரமான தாடி ஐரிஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிடா ஒரு மூதாதை. இதையும் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஐரிஸ் வேரியகாட்டாவையும் கலந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோட்ட வகைகள் பல வந்தன. அதன்பின் கேம்பிரிட்ஜில் உடலியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டர், துருக்கிப் பகுதியிலிருந்து வந்த பெரிய பூ ஐரிஸ்களைச் சேர்த்துக்கொண்டார். அவற்றில் குரோமோசோம் 48. பாலிடாவில் 24 மட்டுமே. அந்தச் சேர்க்கையிலிருந்துதான் இன்றைய பெரிய பூக்கள் பிறந்தன. பூ பெரிதானது, நிறங்கள் பெருகின. ஆனால் வாசனையில் பாலிடாவுக்கு ஈடு கொடுக்கும் கலப்பினங்கள் குறைவு என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள்.

பூவின் வாசனை எப்படி இருக்கும்? எப்போது முகர வேண்டும்?
– ஒரு வாசகர், பாரிஸ்

ஆரஞ்சுப் பூவும் கொஞ்சம் வெனிலாவும் சேர்ந்தது போல் எனக்குத் தெரியும். சிலர் பழுத்த திராட்சை என்பார்கள். இரண்டும் சரிதான், ஆளுக்கு ஆள் மூக்கு மாறும். வெயில் ஏறி, இதழ்கள் சூடான பிறகுதான் நன்றாக வரும். மழை பெய்த காலையில் குனிந்து முகர்ந்துவிட்டு வாசனையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். ஆனால் ஒரு தண்டில் பல மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால் மே மாதத்தில் சில வாரங்கள் வாசனைக்குக் குறைவிருக்காது.

ஐரிஸ் வேரிலிருந்து வாசனைத் திரவியம் எடுப்பதாகப் படித்தேன். எங்கள் தோட்டத்தில் கிழங்கைத் தோண்டி முகர்ந்தேன், மண்வாசனைதான் வந்தது. ஏமாற்று வேலையா?
– ஒரு வாசகர், டொராண்டோ

ஏமாற்று இல்லை. நீங்கள் முகர்ந்தது பச்சைக் கிழங்கு. அதில் அந்த வாசனை இன்னும் பிறக்கவே இல்லை.

இங்கே நடப்பதை அப்படியே சொல்கிறேன். நட்டபின் மூன்றாவது கோடையில், ஜூலை ஆகஸ்டில், மண்வெட்டியால் குத்தைக் கிளப்புவார்கள். இஞ்சி மாதிரி கணுக்கணுவாகக் கிளைத்த கிழங்கு. இலை விசிறியோடு இருக்கும் நுனித்துண்டை வெட்டி, அடுத்த பயிருக்காகத் தனியே வைத்துவிடுவார்கள். அதை அந்தப் பருவத்திலேயே திரும்ப நட்டுவிடலாம். மீதிக் கிழங்கைக் கழுவி, சிறிய வளைந்த கத்தியால் தோல் சீவுவார்கள். இதற்கு ஈடான இயந்திரத்தை நான் இங்கே பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் வயது. அவர் கையில் ஒரு கிழங்கு சுற்றும் வேகத்தைப் பார்க்க வேண்டும். கணு உள்ள இடத்தில் கத்தி தானாக ஆழமாகப் போய், உடனே வெளியே வந்துவிடும். சதை வீணாகாது. பேசிக்கொண்டே சீவுவார், கத்தியைப் பார்க்கவே மாட்டார். சீவிய கிழங்கு வெளுப்பாக இருக்கும். அதை வெயிலில் விரித்துக் காயவைத்தால் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இதுவரை வாசனை இல்லை. இனிமேல்தான் காத்திருப்பு. காய்ந்த கிழங்கை ஈரம் படாத, காற்றோட்டமான இடத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சும்மா வைத்திருப்பார்கள். கிழங்குக்குள் ஐரிடால் என்ற பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மணம் கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அவை மெல்ல உடைந்து, ஐரோன் என்ற சிறிய மூலக்கூறாகின்றன. வயலட் பூவைப் போன்ற வாசனையைத் தருவது அதுதான். பாட்டி வீட்டு மேல்தளத்து அறைக் கதவைத் திறந்தாலே எது போன வருடத்துச் சாக்கு, எது பழைய சாக்கு என்று மூக்கு சொல்லிவிடும்.

பிறகு அரைத்து, நீராவியில் வடித்தால் எண்ணெயாக வராது. வெண்ணெய் மாதிரி உறைந்த பொருள்தான் வரும். காய்ந்த ஐரிஸ் கிழங்குக்கு ஒரிஸ் என்று பெயர், அதனால் இதை ஒரிஸ் வெண்ணெய் என்றே சொல்கிறார்கள். உறைவதற்குக் காரணம் அதில் பெரும்பங்கு மிரிஸ்டிக் அமிலம் என்பதுதான். நம் ஜாதிக்காய்க் கொழுப்பில் ஏராளமாக உள்ள அதே அமிலம். ஐரோன் அதில் சிறு பங்குதான். 1,000 கிலோ காய்ந்த கிழங்கிலிருந்து இந்த வெண்ணெய் ஏறத்தாழ 2 கிலோதான் கிடைக்கும். மண்ணில் மூன்று வருடம், அறையில் மூன்று வருடத்துக்குக் குறையாமல், கடைசியில் இவ்வளவு. அதன் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை. இன்று வாசனைத் தொழிலுக்கு மொராக்கோவிலிருந்தும் சீனாவிலிருந்தும் நிறையக் கிழங்கு வருகிறது. மொராக்கோவில் பெரும்பாலும் வேறு வகை, ஐரிஸ் ஜெர்மானிகா.

இதோடு ஒட்டிய ஒரு வேதியியல் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1893-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமானும் குரூகரும் வயலட் மணம் எதனால் வருகிறது என்று தேடினார்கள். வயலட் பூ விலை அதிகம், கிடைப்பதும் அரிது. அதனால் அதே மணம் உள்ள ஐரிஸ் கிழங்கை எடுத்துக்கொண்டார்கள். ஐரோனைப் பிரித்து, அதில் 13 கார்பன் அணுக்கள் என்று கணக்கிட்டார்கள். உண்மையில் 14. அந்தக் கணக்கை நம்பி, எலுமிச்சைப் புல்லில் கிடைக்கும் சிட்ராலை அசிட்டோனுடன் சேர்த்து ஒன்றைத் தயாரித்தார்கள். அது ஐரோன் இல்லை. ஆனால் வயலட் மணம் வந்துவிட்டது! அயனோன் என்ற பெயரோடு அது வாசனைத் தொழிலையே மாற்றியது. ஐரோனின் சரியான அமைப்பு முடிவானது 1947-இல். அதில் பெரும்பங்கு லியோபோல்ட் ருஜிச்காவுக்கு உண்டு. 1939-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், பிறந்தது குரோஷியாவின் வுகோவரில். பாலிடாவின் தாய்நாட்டில் பிறந்த ஒருவர் அதன் வாசனைக்கு விடை கண்டார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அப்படியானால் வீட்டிலேயே கிழங்கைக் காயவைத்து வாசனைப்பொடி செய்யலாமா? குழந்தைகள் கடித்தால் ஆபத்தா?
– ஒரு வாசகி, ஓஸ்லோ

துணி அலமாரிக்கு வேண்டுமானால் தாராளமாகச் செய்யலாம். தோலைச் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நன்றாகக் காயவைத்து, காகிதப் பையில் போட்டுத் தேதி எழுதி மறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். காற்று போகாமல் மணம் பிறக்காது, மிச்ச ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். சீவும்போது கையுறை போடுங்கள். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

வாயில் மட்டும் வைக்கவே கூடாது. பச்சைக் கிழங்கு வயிற்றைப் புரட்டும், வாந்தியும் பேதியும் வரும். நாய் பூனைகளுக்கும் அப்படித்தான். ஒருகாலத்தில் ஐரோப்பாவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் காய்ந்த ஐரிஸ் கிழங்கைக் கடிக்கக் கொடுத்தார்கள். பழைய வழக்கம் என்பதற்காக அதை இன்று பின்பற்ற வேண்டாம். ஜின் தயாரிப்பில் மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள், அது தொழிற்சாலையில் அளந்து செய்வது.

நட்டு நான்கு வருடம் ஆகிறது. இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை. நல்ல உரம் போடுகிறேன், மரப்பட்டைத் தூளால் மூடி வைக்கிறேன், தவறாமல் தண்ணீர் விடுகிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், லண்டன்

செய்வதையெல்லாம் நிறுத்த வேண்டும். நீங்கள் அதன்மேல் வைத்திருக்கும் அக்கறை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதனால்தான் நேராகவே சொல்கிறேன்.

டால்மேஷியாவின் பாறைச் சரிவை மனதில் வையுங்கள். மண் மிகக் கொஞ்சம், சுண்ணாம்புச் சத்துள்ளது. குளிர்காலத்தில் மழை, அது பாறை இடுக்கு வழியாக உடனே வடிந்துவிடும். கோடையில் மாதக்கணக்கில் வறட்சி. கிழங்கின் முதுகு வெயிலில் வேகும். அந்த வெயிலில்தான் அடுத்த வருடத்துப் பூவுக்கான மொட்டு கிழங்குக்குள் உருவாகிறது. நீங்கள் மரப்பட்டைத் தூளால் அந்த முதுகை மூடிவிட்டீர்கள். அது வெயிலையே பார்க்கவில்லை. பூக்காததற்கு முதல் காரணம் இதுதான் என்பேன்.

இரண்டாவது, நைட்ரஜன் உரம். அது இலையைத்தான் வளர்க்கும், கிழங்கை மென்மையாக்கி அழுகலுக்கும் வழி விடும். வசந்தத்தின் தொடக்கத்தில் நைட்ரஜன் குறைவான உரம் ஒரு கைப்பிடி போதும். போடாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது தண்ணீர். வேர் பிடித்தபின் கோடையில் ஊற்ற வேண்டியதே இல்லை.

இந்த ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ குத்தைக் கிளப்புங்கள். நடுவில் உள்ள பழைய, சுருங்கிய கிழங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் கொழுத்த துண்டுகளை ஒரு விசிறி இலையோடு எடுங்கள். இலையைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடி வேர் பிடிக்காது. மண்ணில் சின்ன மேடு கட்டி, அதன்மேல் கிழங்கை உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் இறக்கி மண்ணால் மூடுங்கள். கிழங்கின் மேல்பாகம் வெளியே தெரிய வேண்டும். இலை விசிறியின் நிழல் கிழங்கின்மேல் விழாதபடி திருப்பி வையுங்கள். லண்டன் வெயிலுக்கு இது முக்கியம். துண்டுகளுக்கு நடுவே ஒன்றரைச் சாண் இடம் விடுங்கள். நாளுக்கு ஆறு மணிநேரமாவது வெயில் விழும் இடமாக இருக்கட்டும். களிமண்ணாக இருந்தால் சரளைக்கல்லைத் தாராளமாகக் கலந்து பாத்தியை உயர்த்துங்கள். அடுத்த வசந்தத்தில் ஒன்றிரண்டு தண்டுகள் வரலாம், அதற்கடுத்த வருடம் நிறைய வரும். பிறகு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இதே போல் பிரித்து நட வேண்டும்.

கிழங்கு கொழகொழவென்று ஆகி நாறுகிறது. செடி போய்விட்டதா?
– ஒரு வாசகி, மிலான்

இது பாக்டீரியா அழுகல். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வரும். நாற்றத்திலேயே தெரிந்துவிடும். கூர்மையான கத்தியால் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். மிச்சத்தை நாலைந்து நாள் வெயிலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் வேறு இடத்தில் நடுங்கள். கட்டைவிரல் அளவு நல்ல துண்டு மிஞ்சினாலும் செடி பிழைத்துவிடும். வெட்டி எறிந்ததை மக்குக்குழியில் போடாதீர்கள்.

இலையில் வெள்ளைக் கோடு உள்ள வகையும் பாலிடாதானா?
– ஒரு வாசகர், லியோன்

ஆமாம். வெள்ளைக் கோட்டுக்கு அர்ஜென்டியா வேரியகாட்டா என்று பெயர், மஞ்சள் கோட்டுக்கு வேரியகாட்டா (மேலே சொன்ன ஐரிஸ் வேரியகாட்டா வேறு செடி). பூக்காத மாதங்களிலும் இலை அழகு தரும் என்பதால் தோட்டக்காரர்கள் விரும்புகிறார்கள். மஞ்சள் கோடு உள்ளதுதான் வலுவாக வளரும், முதன்முதலாக வாங்குபவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஐரிஸ் இலை வசம்பு இலை மாதிரியே இருக்கிறதே. இரண்டும் ஒரே குடும்பமா? கிழங்குக்கும் வாசனை இருக்கிறதே!
– ஒரு வாசகி, கொழும்பு

கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் சொந்தம் இல்லை. வசம்புக்குத் தனிக் குடும்பம். அது நீர்க்கரையில் வளரும், பூ கதிர் மாதிரி இருக்கும், இதழே கண்ணுக்குத் தெரியாது. ஐரிஸின் உண்மையான உறவினர்கள் குங்குமப்பூச் செடியும் கிளாடியோலஸும். வசம்புக் கிழங்கைப் பச்சையாக உடைத்தாலே மணம் வரும். பாலிடாவுக்கு அந்த அவசரம் இல்லை என்று மேலே பார்த்தோம். வசம்புக்குப் பதிலாக இதையோ, இதற்குப் பதிலாக அதையோ மருந்தில் சேர்க்கக் கூடாது.

பிளாரன்ஸ் நகரச் சின்னத்தில் இருப்பது லில்லி என்று வழிகாட்டி சொன்னார். பார்க்க ஐரிஸ் மாதிரி இருக்கிறதே?
– ஒரு வாசகர், பெர்லின்

ஊர்க்காரர்கள் லில்லி என்றுதான் அழைக்கிறார்கள், ஆனால் வடிவம் ஐரிஸ். தொங்கும் இதழையும் நிமிர்ந்த இதழையும் அதில் தெளிவாகப் பார்க்கலாம். முன்பு சிவப்புப் பின்னணியில் வெள்ளைப் பூ. 1251-இல் எதிர்க்கட்சியை வெளியேற்றிய கட்சியினர் நிறத்தைத் தலைகீழாக்கி, வெள்ளையில் சிவப்புப் பூ ஆக்கினார்கள். முதலில் இருந்த வெள்ளைப் பூ, இங்கே சுவர்களிலும் வரப்புகளிலும் வளரும் ஃப்ளோரன்டினா என்ற வெள்ளை ஐரிஸை ஒத்தது. அந்தக் கிழங்கும் வாசனைக்குப் பயன்பட்டதுதான்.

நீங்கள் மீண்டும் வந்தால் மே மாதத்தில் வாருங்கள். மிக்கேலாஞ்சலோ சதுக்கத்தின் பக்கத்திலேயே, ஒலிவ மரங்களுக்கு நடுவே சரிவில் ஓர் ஐரிஸ் தோட்டம் இருக்கிறது. 1954-இல் தொடங்கப்பட்டது. புதிய ஐரிஸ் வகைகளுக்கான சர்வதேசப் போட்டி அங்கே நடக்கிறது. பூக்கும் சில வாரங்கள் மட்டுமே திறந்திருக்கும். அதே மாதத்தில் கியான்டியில் உள்ள சான் போலோ கிராமத்திலும் ஐரிஸ் விழா உண்டு. எனக்கு அந்தக் கிராமத்து வரப்புகள்தான் கூடுதலாகப் பிடிக்கும். போட்டிக்கு வந்த பூக்களைப் பார்த்து முடித்தபின், பயிராக நிற்கும் வெளிர்நீலத்தைப் பாருங்கள்.

விடுமுறைக்குக் குரோஷியா போகிறோம். மலையில் ஒரு துண்டு கிழங்கு எடுத்து வரலாமா? யாருக்கும் நஷ்டமில்லையே?
– ஒரு வாசகி, லண்டன்

வேண்டாம், தயவுசெய்து. பாறை இடுக்கில் ஒரு குத்து பரவப் பல வருடம் ஆகும். ஒவ்வொரு பயணியும் ஒரு துண்டு எடுத்தால் பாதையோரம் முதலில் வெறுமையாகும். அதோடு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்கு நடுவதற்கான செடியைக் கொண்டுபோகத் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். நாற்றங்காலில் வளர்த்த பாலிடா பிரிட்டனிலேயே எளிதாகக் கிடைக்கிறது. மலையில் படம் எடுங்கள், முகருங்கள், தேனீ ஒன்று பூவுக்குள் நுழைவதைப் பாருங்கள். தொங்கும் இதழில் இறங்கி, தாடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே தவழும். மேலே இதழ் போலவே இருக்கும் சூலகக் கிளை, முதலில் தேனீயின் முதுகிலுள்ள பழைய மகரந்தத்தை வழித்துக்கொள்ளும். அதைத் தாண்டிப் போனபின்தான் மகரந்தப்பை புதிய பொடியைப் பூசும். ஒரே பூவின் பொடி அதே பூவில் படாமலிருக்க இப்படியோர் ஏற்பாடு.

குளிரே இல்லாத ஊரில் வசிக்கிறேன். தொட்டியில் முயற்சி செய்யலாமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

மனம் வரவில்லை, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பூ மொட்டு வளரக் குளிர்காலம் வேண்டும், கிழங்கு ஓய்வெடுக்க வறண்ட கோடை வேண்டும். இரண்டுமே இல்லாமல் ஆண்டு முழுக்க ஈரக்காற்று என்றால் அழுகிவிடும். காய்ந்த ஒரிஸ் கிழங்கு கொஞ்சம் வாங்கிப் பெட்டியில் வையுங்கள். அதன் பூவாசனை கிடைக்காது, கிழங்கு வாசனை பல வருடம் கிடைக்கும்.

விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடி மாதிரியே வருமா?
– ஒரு வாசகி, பிரிஸ்பேன்

பக்கத்தில் வேறு தாடி ஐரிஸ் இருந்தால் வராது. தேனீ கலந்துவிடும். தனியாக நிற்கும் செடியின் விதை என்றால் ஓரளவு ஒத்துவரும், அப்போதும் நிறத்தில் சின்ன வித்தியாசம் இருக்கலாம். இலையுதிர் காலத்தில் விதைத்துத் தொட்டியை வெளியிலேயே குளிரில் விடுங்கள், வசந்தத்தில் முளைக்கும். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். உங்கள் ஊர்ப் பருவத்துக்கு, விதைப்பு ஏப்ரல் மே மாதங்களில்.